சறுக்கு

பீமரத சாந்தி முடிந்த நாலாம் நாள்
பந்தல்காரர் கழிகளை ஏற்றிக்கொண்டு போனார்.
ப்ளெக்ஸை மட்டும் சுருட்டி
மாடிப்படிக்குக் கீழே சாய்த்துவிட்டு
"இது உங்களுக்குத்தான் ஆச்சி" என்றார்.

பத்தடிக்கு ஆறடி.
அவுகளும் நானும் ரோஸ் நிறத்தில்.
அப்படி நாங்கள் சிரித்ததே இல்லை.
அடியில் வாழ்த்துவோர் நாற்பத்திரண்டு பேர்.
அதில் இரண்டு பேர் விழாவுக்கு வரவில்லை,
ஒருவர் உயிரோடு இல்லை.

எறியவும் மனசில்லை, மாட்டவும் சுவரில்லை.
காருக்குப் போர்த்தலாம் என்றாக.
நம் மூஞ்சியில் காக்கா எச்சம் விழும் என்றேன்.

அன்று ராத்திரி கால்கரியிலிருந்து சொக்கு
வாட்ஸப்பில் ஒரு துண்டுப் படம் அனுப்பியிருந்தான்.
வெள்ளை மேடு. நாற்பத்தோரு வயது என் மகன்
பிளாஸ்டிக் தட்டில் குந்திக்கொண்டு
எதையோ கத்தியபடி சரிந்து போகிறான்.
போனைக் காதோடு வைத்துக் கேட்டேன்.
சொல்லே இல்லை அது. வெறும் ஏஏஏ.
பதினேழு நொடி.
நாலு தரம் போட்டுப் பார்த்தேன்.

அங்கே பனி.
இங்கே பனை.
ஒரு சுழிதான் வித்தியாசம்.

பத்து வயசில், இதே பள்ளத்தூர்க் கண்மாய்க் கரையில்
பனமட்டையில் உட்கார்ந்து சறுக்கி
பாவாடை கிழிந்து வந்த அன்று
மட்டையை இரண்டாகப் பிளந்து
அடுப்பில் வைத்தார்கள்.
அதில்தான் கொதித்தது அன்றைக்குச் சோறு.
சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.
வலது முட்டியில் இரண்டு ஊசி போட்டாயிற்று.
விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு
முன்முனையை அவுக, பின்முனையை நான்,
தோளில் ப்ளெக்ஸோடு தெருவைத் தாண்டினோம்.
பால்காரர் சைக்கிளை நிறுத்தி
"எங்கே மாட்டப் போறீக?" என்றார்.
"கண்மாயில்" என்றேன். உண்மைதானே.

கோடையில் ஜேசிபி தூர்வாரிக் கொட்டிய செம்மண்
கரையை ஓர் ஆள் உயரம் கூட்டியிருந்தது.
ராத்திரி மழை அதற்கு எண்ணெய் தடவியிருந்தது.
முகங்கள் மேலே தெரிய விரித்தோம்.
என் மூஞ்சி மேல் அவுக,
அவுக மூஞ்சி மேல் நான்.
மேல் விளிம்பைச் சுருட்டி
நாலு கையாலும் பிடித்துக்கொண்டோம்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை.
இரண்டு அரிசி மூட்டை
யாரோ வந்து இறக்கட்டும் என்று
உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தோம்.
"சிகப்பி, எந்திரிச்சிருவோம்" என்றாக.
நான் இடது கையைத் தரையில் ஊன்றி
ஒரு தள்ளு தள்ளினேன்.

அடிவயிறு மேட்டிலேயே நின்றுவிட்டது,
நான் மட்டும் போனேன்.
காற்று, கண்ணில் மண்,
பின்னால் படபடவென்று
நாற்பத்திரண்டு பெயர்களும் இழுபட்டு வர,
நானும் கத்தினேன்.
கீழே போய் நின்ற பிறகுதான் உறைத்தது,
நான் கத்தியது "வயிரவா" என்று.
நாற்பத்து நாலு வருஷத்தில்
ரேஷன் கடையில்கூட
நான் வாயால் சொல்லாத பேர்.

கருவை முள்ளுக்கு ஒரு முழம் இருந்தது.
அவுக பேசவில்லை.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாக.
எனக்குக் காரைக்குடி ஆஸ்பத்திரி
வராண்டா வரைக்கும் கண்ணில் வந்துவிட்டது.
அவுக பிடித்திருந்தது
சட்டைப் பையிலிருந்த மூக்குக்கண்ணாடியை.
மெதுவாக மாட்டிக்கொண்டு
மேட்டைப் பார்த்தாக.

"ஒத்தைச் செருப்பு அங்கேயே கிடக்கு."

"எடுக்கணும்னா ஏறணும்" என்றேன்.

"ஏறினால்…" என்றாக.

நாலு காலில் ஏறினோம்.
நடுவில் மூன்று தரம் நின்று
யார் இளைக்கிறது என்று சண்டை போட்டோம்.
சேலைக் கறை இனிப் போகாது.
ப்ளெக்ஸ் சரியாக எங்கள் இருவருக்கும்
நடுவில் கிழிந்திருந்தது,
அதைப் பார்த்துத்தான் அப்படிச் சிரித்தோம்,
படத்தில் இருப்பதைவிட அசிங்கமாக,
பல் செட்டெல்லாம் தெரிய.

ஐந்தாவது தரம் பால்காரர்
கரைமேல் சைக்கிளோடு நின்றிருந்தார்.
ஆறாவது தரம்
செருப்பு எங்கே என்று
அவுகளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.